திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் 1930க்குப் போன் போடுங்கள்

எங்கள் ஊர் கோவில்பட்டி. 2020இல் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். கடலைமிட்டாய் போடும் ஒரு அண்ணாச்சிக்கு ஒருநாள் போனில் ஆர்டர் வந்தது. பேசியவர் தூத்துக்குடி துறைமுகத்தில் பாதுகாப்புப் பணியில் இருக்கும் சிஐஎஸ்எஃப் அதிகாரி என்றார். ஜவான்களுக்குக் கொடுக்க இருபது கிலோ வேண்டுமாம், கிலோ பாக்கெட்டாகப் போட்டு வைத்தால் சாயங்காலம் வண்டி வருமாம். வாட்ஸ்அப்பில் அடையாள அட்டையின் படம் வந்தது. சீருடையில் நிற்கும் போட்டோ வந்தது. அண்ணாச்சி பாக்கெட் கட்ட ஆள் போட்டுவிட்டார்.

பில் தொகையைச் சொன்னதும் ஆரம்பித்தது. "எங்க டிபார்ட்மெண்ட்ல பணம் அனுப்புற முறையே வேற சார். அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்ல இருந்து ஒரு கியூஆர் வரும். நீங்க அதை ஸ்கேன் பண்ணினா உங்க கணக்குல ஏறிடும்." முதலில் சோதனைக்கு ஐந்து ரூபாய்க்கு ஒரு கியூஆர். அண்ணாச்சி பக்கத்துக் கடைக்காரர் போனில் அந்தப் படத்தைப் போட்டு ஸ்கேன் செய்தார், பின் நம்பரைப் போட்டார். ஐந்து ரூபாய் போனது. அடுத்த நிமிடம் பத்து ரூபாய் திரும்பி வந்தது. "பாத்தீங்களா, சரியா வருதா? மீதியும் இப்படித்தான்." அடுத்த கியூஆர் முழுத் தொகைக்கு.

அதற்குள் பக்கத்துக் கடைக்காரர் சாப்பிடப் போய்விட்டார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என்னிடம் அண்ணாச்சி வந்தது அதனால்தான். (ஜெராக்ஸ் என்பது போர்டில்தான். இபி பில், ரயில் டிக்கெட், வில்லங்கச் சான்று, போன் தகராறு எல்லாம் இங்கேதான்.) "தம்பி, உன் போனைக் கொஞ்சம் குடு. இந்தப் படத்தை அதுக்கு அனுப்பிட்டு என் போன்ல ஸ்கேன் பண்ணணும்" என்றார். காதில் போன் இருந்தது. எதிர்முனை அழைப்பைத் துண்டிக்கவே இல்லை.

ஸ்கேன் செய்து காட்டினேன். திரையில் தொகை ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தது, நம்மால் மாற்ற முடியாது. அதற்கு மேலே பெறுபவர் பெயர். அது துறையின் பெயராக இல்லை. யாரோ ஒரு தனி ஆளின் பெயர். கீழே 'பே' என்ற பொத்தான். "அண்ணாச்சி, இதை அமுக்கினா உங்க பணம் இந்த ஆளுக்குப் போகும்" என்றேன். "இல்லப்பா, முதல்ல போகும், அப்புறம் ரெண்டு மடங்கா வரும், ஏற்கெனவே வந்துச்சே" என்றார். அந்தப் பத்து ரூபாயை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். நான் சொல்வது வெறும் பேச்சு. கொஞ்ச நேரம் மல்லுக்கட்டித்தான் போனை வாங்கித் துண்டித்தேன். அன்று மாலை வண்டி வரவில்லை. இருபது கிலோவும் கடையிலேயே விற்றுத் தீர்ந்தது, அது வேறு விஷயம்.

அண்ணாச்சி ஏமாளி இல்லை. கொப்பரை வெல்லத்துக்கும் மண்டை வெல்லத்துக்கும் மோந்து பார்த்தே வித்தியாசம் சொல்லுவார். கடன் கேட்டு வருகிறவன் திருப்பித் தருவானா என்பதை அவன் படியேறும் விதத்திலேயே கணக்குப் போடுவார். ஆனால் அந்த அறிவு முழுவதும் நேரில் நிற்கும் மனிதனைப் பார்த்து வந்த அறிவு. போனில் ஒரு குரலும், ஒரு படமும், ஒரு பத்து ரூபாயும் வந்தால் அதை எடைபோட அவரிடம் படிக்கல் இல்லை.

யுபிஐ 2016 ஏப்ரலில் வந்தது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடி பரிவர்த்தனைகளைத் தாண்டிவிட்டது. பத்து வருஷத்துக்குள் பூக்காரம்மாவிலிருந்து புரோக்கர் வரை எல்லாரும் கற்றுக்கொண்டார்கள், யாரும் வகுப்பெடுக்காமல். கற்றுக்கொண்டது எப்படி அனுப்புவது என்பதை மட்டும்தான். உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒருவரும் சொல்லித் தரவில்லை.

சொல்ல வேண்டியதும் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. யுபிஐ பின் என்பது உங்கள் கையெழுத்து. பணம் வெளியே போகக் கேட்கும், இருப்பைப் பார்க்கக் கேட்கும். பணம் உள்ளே வர ஒருபோதும் கேட்காது. உங்களுக்கு ஒருவர் பணம் அனுப்பினால் நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தாலும் வந்துவிடும். போன் அணைந்து கிடந்தாலும் வந்துவிடும். ஸ்கேன் வேண்டாம், ஒப்புதல் வேண்டாம், ஓடிபி வேண்டாம். பணம் வாங்குவதற்காக நம்மை எதையாவது செய்யச் சொல்கிறான் என்றாலே அவன் வாங்க வந்தவன்.

இன்னொன்று. பின் கேட்கும் பக்கம் வந்ததும் எல்லாருடைய கண்ணும் கீழே இருக்கும் எண் பலகைக்குப் போய்விடுகிறது. மேலே பாருங்கள். யாருக்கு, எவ்வளவு என்று எழுதியிருக்கும். 2025 ஜூன் மாதக் கடைசிக்குப் பிறகு, பெறுபவர் தன் வங்கிக் கணக்கில் பதிந்திருக்கும் பெயரைத்தான் செயலிகள் காட்ட வேண்டும் என்று யுபிஐயை நடத்தும் தேசிய பணப்பட்டுவாடா கழகம் சொல்லிவிட்டது. முன்பெல்லாம் நம் போனில் சேமித்த பெயரோ, அவனே வைத்துக்கொண்ட பட்டப்பெயரோ தெரியும். இப்போது தெரிவது வங்கியில் உள்ள பெயர். நல்ல ஏற்பாடு. ஆனால் படித்தால்தானே.

முன்பு இன்னொரு வாசல் இருந்தது. நாம் அனுப்பாமல், எதிராளியே 'எனக்கு இவ்வளவு தா' என்று கேட்டு அனுப்பும் வசதி. 'ரீஃபண்ட்' என்று குறிப்பு எழுதி இந்தக் கேட்பை அனுப்புவார்கள். நாம் வரவு என்று நினைத்துப் பின் போட்டால் செலவு. தனிநபர்களுக்கு இடையே இதற்கு 2,000 ரூபாய் உச்சவரம்பு வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் 2025 அக்டோபரோடு தனிநபர் கேட்பையே நிறுத்திவிட்டார்கள். வியாபார நிறுவனங்கள் கேட்பது மட்டும் தொடர்கிறது.

இந்தக் கேட்பு வசதியை வைத்து 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் நம் மாநிலத்தில் ஒரு பீதி கிளம்பியது நினைவிருக்கலாம். யாரோ உங்கள் கணக்கில் சில ஆயிரம் போடுவார்கள், கூடவே ஒரு கேட்பும் அனுப்புவார்கள், வந்த பணத்தைப் பார்க்க நீங்கள் செயலியைத் திறந்து பின் போட்டதும் உங்கள் பணம் போய்விடும் என்று. தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவே எச்சரித்தது. பிறகு பணப்பட்டுவாடா கழகம், செயலியைத் திறப்பதாலோ இருப்பைப் பார்ப்பதாலோ எந்தக் கேட்பும் ஒப்புதல் ஆகாது, அந்தக் கேட்பைத் தேடிப் போய்த் தொட்டு, பின் போட்டால்தான் பணம் போகும் என்று விளக்கம் சொன்னது. அந்த நாட்களில் என் கடைக்கு வந்தவர்கள் இருப்பைப் பார்க்கவே பயந்தார்கள். எச்சரிக்கை வேண்டியதுதான். ஆனால் எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று பிரித்துச் சொல்லாத எச்சரிக்கையால் மோசடிக்காரனுக்கே லாபம். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவரிடம் போய் 'உங்கள் கணக்கு முடங்கப் போகிறது, நான் சரிசெய்கிறேன்' என்று சொல்வதைவிடச் சுலபமான வேலை என்ன இருக்கிறது?

இபி பில் பெயரில் நடக்கும் மோசடிக்கு வருகிறேன். தமிழ்நாட்டுக்கென்றே தைத்த சட்டை மாதிரி அது. 'முந்தைய மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே மின்சார அதிகாரியைத் தொடர்புகொள்ளவும்' என்று ஒரு பத்து இலக்க எண்ணிலிருந்து வரும். 2022 வாக்கில் ஊரெல்லாம் சுற்றியது, மின்வாரியமும் மறுப்பு வெளியிட்டது, இன்னும் அவ்வப்போது வேறு வேஷத்தில் வருகிறது. நமக்கு வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. கட்டியது எந்த மாதத்துக்கு, ரீடிங் எடுத்தது என்றைக்கு என்று பல வீடுகளில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆன்லைனில் கட்டியிருந்தால் ரசீதும் கையில் இருக்காது. அந்தச் சின்னச் சந்தேகம் போதும். ராத்திரி ஒன்பதரைக்கு வந்து ஃபியூஸ் பிடுங்குகிற லைன்மேனை இந்த ஊரில் யார் பார்த்திருக்கிறார்கள்? கரண்ட் போனால் கூப்பிட்டாலே காலையில்தான் வருவார். நிதானமாக யோசித்தால் சிரிப்புதான் வரும். நிதானமாக யோசிக்க விடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஒன்பதரை.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு அந்த மெசேஜ் வந்தது சாயங்காலம் ஏழு மணிக்கு. மகன் சென்னையில். வீட்டில் அவரும் மனைவியும். மனைவிக்கு நெபுலைசர் வைக்க வேண்டியிருந்தது, கரண்ட் போனால் கஷ்டம். அந்த எண்ணைக் கூப்பிட்டார். எடுத்தவன் சுத்தமான தமிழில், மரியாதையாக, "ஐயா, பணம் கட்டியிருக்கீங்க, சிஸ்டத்துல ஏறலை, பத்து ரூபா கட்டினா அப்டேட் ஆகிடும்" என்றான். ஒரு செயலியை இறக்கச் சொன்னான். திரையை அப்படியே தூரத்தில் இருப்பவனுக்குக் காட்டும் வகைச் செயலி அது. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்கள் பயன்படுத்தும் நேர்மையான கருவிதான். இந்த மாதிரிச் செயலிகள் வழியாகப் பணம் போவதை ரிசர்வ் வங்கி 2019லேயே எச்சரித்திருக்கிறது. பத்து ரூபாய் கட்ட டெபிட் கார்டு எண்ணை அவர் அடிக்க அடிக்க, அவன் அங்கே எழுதிக்கொண்டான். ஓடிபி வந்தது. அவர் யாரிடமும் ஓடிபியைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லை, அவன்தான் பார்த்துக்கொண்டிருக்கிறானே. நாற்பதாயிரத்துக்கு மேல் போனது, மூன்று தவணையாக.

இப்போதெல்லாம் திருட்டுச் செயலியையே நேரடியாக அனுப்புகிறார்கள். வாட்ஸ்அப்பில் ஏபிகே என்று முடியும் ஒரு கோப்பு வரும். 'போக்குவரத்து அபராதச் சலான்', 'பிஎம் கிசான் பட்டியல்', 'கல்யாணப் பத்திரிகை' என்று பெயர் இருக்கும். தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும், அவர் போன் ஏற்கெனவே அவர்கள் கைக்குப் போயிருக்கும். பத்திரிகை என்றால் படமாக வரும், பிடிஎஃப்பாக வரும். நிறுவச் சொல்லிக் கேட்கும் பத்திரிகை உலகத்தில் கிடையாது. நிறுவியதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் அன்றிலிருந்து ஓடிபி எல்லாம் இரண்டு இடத்துக்குப் போகும்.

கடைக்காரர்கள் பக்கம் வேறு மாதிரி. பணம் போட்டதாக ஒரு திரையைக் காட்டிவிட்டுப் பொருளோடு போய்விடுவது. பச்சை டிக் அடித்த மாதிரிப் போலித் திரை காட்டும் செயலிகளே இருக்கின்றன. பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் ஒலிப்பெட்டி வந்த பிறகு இது குறைந்திருக்கிறது. அது சொன்னால் கொடு, சொல்லாவிட்டால் உன் கணக்கைத் திறந்து பார், வாடிக்கையாளர் போனைப் பார்க்காதே. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில் ராத்திரியோடு ராத்திரியாகப் பல கடைகளின் கியூஆர் அட்டை மேல் தங்கள் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனார்கள். காலையில் வியாபாரம் நடக்கிறது, பணம் வேறு யாருக்கோ போகிறது. கடையைத் திறந்ததும் அட்டையை நகத்தால் ஒரு தடவை சுரண்டிப் பார்ப்பது எங்கள் தெருவில் சிலருக்கு இப்போது பழக்கமாகிவிட்டது.

போலீஸ் வேஷத்தில் வீடியோ காலில் வந்து மிரட்டிப் பணம் பறிக்கும் 'டிஜிட்டல் கைது' பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் பேசிவிட்டார். ஒரே ஒரு வரி: வீடியோ காலில் கைது செய்ய இந்த நாட்டுச் சட்டத்தில் இடமே கிடையாது, சிபிஐ ஆனாலும் சரி, நீதிபதி ஆனாலும் சரி.

தலைமையாசிரியருக்குத் திரும்புகிறேன். பணம் போனது செவ்வாய்க்கிழமை ராத்திரி. அவர் என் கடைக்கு வந்தது வியாழக்கிழமை மத்தியானம். பாஸ்புக் பதிந்த பக்கத்தை ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், எடுத்த பிறகும் போகாமல் நின்றார். கேட்டேன். மெதுவாகச் சொன்னார். வங்கிக்குச் சொன்னீர்களா என்றால் இல்லை. போலீஸுக்கு? இல்லை. "பையன் திட்டுவான்பா. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன்… ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

எனக்கு எரிச்சல் வந்தது, அவர் மேல் இல்லை. ஊர் என்ன சொல்லும் என்று எனக்கும் தெரியும். பேராசை பெருநஷ்டம் என்று சொல்லும். 'படிச்சவரே இப்படியா' என்று சொல்லும். சென்னையில் இருக்கும் மகன் 'எத்தனை தடவை சொன்னேன்' என்று ஆரம்பிப்பான். இதில் பேராசை எங்கே இருக்கிறது? கரண்ட் போகக் கூடாது என்று நினைத்தார். அண்ணாச்சி தன் சரக்குக்குக் காசு வர வேண்டும் என்று நினைத்தார். அவனவன் எதற்காகக் காத்திருக்கிறானோ அதையே சொல்லிக்கொண்டு வருகிறார்கள். வேலை தேடுகிற பிள்ளைக்கு டெலிகிராமில் வேலை. பார்சல் எதிர்பார்க்கிற பெண்ணுக்கு முகவரி சரியில்லை என்று ஒரு லிங்க். ஆயிரம் பேருக்கு அனுப்பினால் அன்றைக்கு உண்மையிலேயே பார்சல் எதிர்பார்ப்பவர்கள் சில பேர் இருக்கத்தான் செய்வார்கள். நீங்கள் தப்பித்தது புத்திசாலித்தனத்தால் மட்டும் இல்லை, அன்றைக்கு உங்களுக்குப் பார்சல் இல்லாததாலும்தான்.

2024இல் இந்தியர்கள் இணையவழி மோசடிகளில் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அதற்கு முந்தைய வருஷம் 7,465 கோடி. புகார் வந்த கணக்கு மட்டும்தான் இது. எங்கள் தலைமையாசிரியர் மாதிரி வாயைத் திறக்காதவர்கள் அதில் இல்லை.

அந்த இரண்டு நாள் மௌனத்துக்கு என்ன விலை என்று புரிய, போன பணம் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். திருடியவன் கணக்குக்கு அது நேராகப் போவதில்லை. முதலில் ஒரு வாடகைக் கணக்கு. அங்கிருந்து சில நிமிடங்களில் நாலைந்து கணக்குகளுக்குப் பிரியும். அங்கிருந்து இன்னும் சிலவற்றுக்கு. கடைசியில் எங்கோ ஒரு ஏடிஎம்மில் ரொக்கமாகவோ, கிரிப்டோவாகவோ வெளியே போய்விடும். இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணில் கூப்பிட்டால் இந்தச் சங்கிலியைத்தான் துரத்துகிறார்கள். மத்திய உள்துறையின் கீழ் இருக்கும் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2021இல் ஏற்படுத்திய அமைப்பு இது. நீங்கள் சொல்லும் விவரத்தைப் பதிந்ததும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகும். அங்கே மிச்சமிருந்தால் அந்தத் தொகையை நிறுத்தி வைப்பார்கள். தாண்டிப் போயிருந்தால் அடுத்த வங்கிக்கு. பணம் எத்தனை கணக்கு தாண்டியிருக்கிறது என்பதுதான் கேள்வி. முதல் அரை மணியில் கூப்பிட்டவருக்கும் மூன்றாம் நாள் கூப்பிட்டவருக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

கூப்பிடும்போது கையில் இருக்க வேண்டியவை: எந்த வங்கி, எவ்வளவு, எத்தனை மணிக்கு, யுபிஐ என்றால் அந்தப் பன்னிரண்டு இலக்கக் குறிப்பு எண். செயலியின் வரலாற்றில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் கீழே இருக்கும். 1930 சில சமயம் உடனே கிடைக்காது, திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். அந்த இடைவெளியில் இன்னொருவர் வங்கியைக் கூப்பிடட்டும், cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். வங்கி எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். அங்கேயும் போலி வாடிக்கையாளர் சேவை எண்களைப் போட்டு வைத்துக் காத்திருக்கிறார்கள். கார்டின் பின்பக்கமே எண் இருக்கிறது.

வங்கிக்கு ஏன் அவசரம் என்றால், ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது. உங்கள் தப்பும் இல்லை, வங்கியின் தப்பும் இல்லை, வெளியே எங்கோ ஓட்டை விழுந்து பணம் போனது என்றால், தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குச் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. நான்கிலிருந்து ஏழு நாள் என்றால் ஒரு வரம்பு வரை உங்கள் தலையில். உங்கள் கவனக்குறைவால் போனது என்றால் முழு நஷ்டமும் உங்களுடையது, ஆனால் நீங்கள் வங்கிக்குச் சொல்லும் வரைதான். சொன்ன பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. இந்தக் கடைசி வரியை யாரும் கவுண்டரில் சொல்வதில்லை. ஆகவே புகாரை வாய்ப்பேச்சாக விடாமல், பதிவு எண்ணும் நேரமும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முப்பது நாளில் வங்கி பதில் சொல்லாவிட்டால், அல்லது சொன்ன பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்கான உதவி எண் 14448.

கசப்பான பகுதியையும் சொல்லிவிட வேண்டும். அண்ணாச்சி அனுப்பப் பார்த்த மாதிரி நீங்களே பின் போட்டு அனுப்பியிருந்தால், வங்கியின் கணக்கில் அது நீங்கள் ஒப்புக்கொண்ட பரிவர்த்தனை. 'ஏமாற்றி வாங்கினான்' என்பது போலீஸ் விஷயம் என்று கையை விரித்துவிடுவார்கள். அங்கே உங்களுக்கு இருக்கும் ஒரே கயிறு 1930, அதுவும் சீக்கிரம் பிடித்தால்.

வாடகைக் கணக்கு என்றேனே, அது எங்கோ ஜார்க்கண்டில், இணைய மோசடிக்குப் பேர்போன ஜாம்தாராவில் இருப்பது என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே கல்லூரிப் பையன்களிடம் கேட்கிறார்கள். "மச்சான், உன் அக்கவுண்ட கொஞ்ச நாளைக்குக் குடு, ஏடிஎம் கார்டு, சிம் சேர்த்து. மாசம் இவ்வளவு." பையன் திருடவில்லை, சும்மா கிடக்கும் கணக்கைக் கொடுக்கிறான் என்றுதான் நினைக்கிறான். ஆனால் திருட்டுப் பணம் இறங்கிய கணக்கின் சொந்தக்காரன் அவன். போலீஸ் முதலில் தட்டும் கதவு அவன் வீட்டுக் கதவு. வேறு மாநிலத்து ஸ்டேஷனிலிருந்து நோட்டீஸ் வரும், கணக்கு முடங்கும், அந்தப் பெயரில் பாஸ்போர்ட்டும் வேலையும் சிக்கலாகும். உங்கள் வீட்டில் காலேஜ் போகும் பிள்ளை இருந்தால், ஓடிபி பாடத்தைவிட இந்தப் பாடத்தை முதலில் நடத்துங்கள்.

எதிர்முனையில் பேசுகிறவனும் சில சமயம் நம் பிள்ளைதான். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப் போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைத்து, மோசடி வேலை செய்ய வைத்தார்கள். 2022இல் அப்படிச் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். கம்போடியாவிலும் இதே கதை. 'இந்தி கலந்த கொச்சைத் தமிழில் பேசினால் மோசடி' என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தோம். தலைமையாசிரியரிடம் பேசியவன் ஐயா போட்டுப் பேசினான். அந்த அடையாளம் இனி உதவாது.

என்ன செய்யலாம் என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், நான் தொழில்நுட்பம் அதிகம் பேசுவதில்லை. ஓய்வூதியம் வரும் கணக்கை யுபிஐயோடு சேர்க்காதீர்கள் என்கிறேன். இன்னொரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கி, மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் அதில் போட்டு, போனோடு அதை இணையுங்கள். போனால் அந்த மாதக் காசுதான் போகும். வங்கிச் செயலியில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு குறைக்க முடியும், பலருக்கு அது தெரியாது. டெபிட் கார்டில் ஆன்லைன், வெளிநாட்டுப் பயன்பாட்டைத் தேவையில்லாதபோது அணைத்து வைக்கலாம். கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் வசதி வேண்டாதவர்கள் ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டிவிடலாம். புதுப் போனில் யுபிஐ பதிந்தால் முதல் 24 மணி நேரம் 5,000 ரூபாய்க்கு மேல் போகாது, அதற்காகச் சில பேர் என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். வேறு யாராவது உங்கள் பெயரில் பதிந்துவிட்டால் உங்களைக் காப்பாற்றுவதும் அந்த வரம்புதான் என்று சொன்னால் கொஞ்சம் அடங்குகிறார்கள்.

பிள்ளைகளிடம் சொல்வது வேறு. வெளியூரில் இருந்துகொண்டு அப்பா அம்மாவுக்கு நாளைக்கு நாலு எச்சரிக்கை ஃபார்வர்ட் அனுப்புவதற்குப் பதில், 'எது நடந்தாலும் முதல்ல எனக்குப் போன் பண்ணுங்க, நான் திட்ட மாட்டேன்' என்று ஒரு தடவை சொல்லி வையுங்கள். சொன்ன பிறகு நிஜமாகவே திட்டாமல் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

தலைமையாசிரியருக்கு அன்றைக்கே என் கடையில் உட்கார்ந்து 1930 அடித்தோம், வங்கிக்கும் எழுதிக் கொடுத்தோம். மூன்று தவணையில் கடைசித் தவணை மட்டும் ஒரு கணக்கில் நின்றிருந்தது, அதை நிறுத்தி வைத்திருப்பதாகத் தகவல் வந்தது. முதல் இரண்டும் செவ்வாய்க்கிழமை ராத்திரியே ஊர் தாண்டிவிட்டன. நிறுத்தி வைத்த பணமும் உடனே கைக்கு வரவில்லை, கோர்ட்டில் மனுப்போட்டு உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. மனுவோடு வைக்க பாஸ்புக், புகார் ரசீது, ஆதார் என்று நகல் எடுக்க அவர் வந்த அன்று, ஹால் டிக்கெட் எடுக்க நின்ற ஒரு பையன் காகிதங்களைப் பார்த்துவிட்டு "என்ன கேஸ் சார்?" என்றான். இபி மெசேஜில் ஆரம்பித்து, எந்தச் செயலி, எத்தனை மணி, எவ்வளவு என்று வகுப்பெடுக்கிற மாதிரி முழுசாகச் சொன்னார். பையன் பாதியிலேயே தன் போனை எடுத்துத் தேடினான். "எங்க அப்பாவுக்கும் ஒண்ணு வந்துச்சு சார், எனக்கு ஃபார்வர்ட் பண்ணியிருக்கார். இதுவா பாருங்க."